வந்தவர் யார், வாங்கியவர் யார்?

கேள்வி: என் இணையக் கடைக்குச் சென்ற மாதம் 10,000 ‘ஹிட்ஸ்’ என்று கணக்குக் காட்டுகிறது, விற்றதோ மூன்றே கண்டாங்கிச் சேலைகள். மற்றவர்களெல்லாம் எங்கே போனார்கள்?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: அம்மணி, அவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. 39 படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் முதன்முறை திறந்த மாத்திரத்தில், பக்கத்துக்கு ஒன்றும் படத்துக்கு ஒன்றுமாகக் குறைந்தது 40 ஹிட்ஸ் சர்வரின் குறிப்பேட்டில் ஏறிவிடும். அவற்றோடு, தேடுபொறிகள் அனுப்புகின்ற, சேலை உடுத்தும் பாக்கியமற்ற யந்திரங்களின் வரவையும், ஆர்டர் வந்ததா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் தங்களுடைய சொந்த விஜயங்களையும் கழித்தால், மிஞ்சுவது சொற்பமே. மிஞ்சியவர்களிலும், 10 விநாடிக்கு மேல் தங்கியவரைக் கூகுள் அனலிட்டிக்ஸ் ஈடுபாடு கொண்டவராக மதித்துவிடுகிறது. நம் ஜவுளிக்கடைக்காரரோ பத்துச் சேலைகளைப் பிரித்துப் போட்ட பிறகும் அந்த முடிவுக்கு வரமாட்டார்! ஆகையால், கூடையில் சேலையை வைத்தவர் எத்தனை பேர், பணம் செலுத்தாமல் அவர்கள் எந்தப் பக்கத்தில் நழுவினார்கள் என்பதையே பாருங்கள். அது கூரியர் கட்டணம் தெரியவரும் பக்கமானால், அக்கட்டணத்தைச் சேலை விலையின் பக்கத்திலேயே முதலில் எழுதிவிடுங்கள்.