தகுதி: முதலாளி வீட்டுப் பெண்

ஊராட்சித் தலைவி கையெழுத்துப் போட, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஊரை ஆள்வதெல்லாம் குத்தாலம் பக்கத்தில் புதுசில்லை. பெரிய கம்பெனிகளுக்குத்தான் பாடம் தேவைப்பட்டது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்றது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நாடெங்கும் சல்லடை போட்டுத் தேடிய சில முதலாளிகளுக்கு, தகுதியான பெண் சொந்தச் சமையலறையிலேயே அகப்பட்டார்! பிறகு 2018இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, "உறவுக்காரர் அல்லாத, சுயேச்சையான பெண்" என்று பெரிய கம்பெனிகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஐடியில் அப்படியில்லை என்பீர்கள். அங்கே பங்குச் சந்தையில் உள்ள இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு முதல் பெண் தலைவர் 2020இல் வந்தார்: எச்.சி.எல். டெக்னாலஜிஸின் ரோஷ்னி நாடார். திறமைசாலிதான், மறுக்கவில்லை. நிறுவனர் ஷிவ் நாடாரின் ஒரே மகளும்கூட. சென்னை ஓ.எம்.ஆரில் புரோகிராம் எழுதும் குத்தாலத்துப் பெண்ணுக்கும் அதே வழி திறந்தே இருக்கிறது. அவள் அப்பா வைத்திருப்பதுதான் மூன்று மா நிலம்.