திருப்பணிக் குழுத் தலைவர் சமூகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ எங்கள் ஊர்ச் சிவாலயத் திருப்பணிக் குழுத் தலைவர் அவர்களுக்கு, அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

சென்ற வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து கிடைத்த பதிலை நாங்கள் பூஜையில் வைத்திருக்கிறோம். கும்பாபிஷேகத்துக்கான வேலைகள் தொடங்குமுன், கருவறையின் அதிஷ்டானத்தில் உள்ள சாசனங்களை மைப்படி எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுமென்று, ஊரின் பழைய கட்டடங்களை அளந்தும் படம்பிடித்தும் ஏட்டில் பதிந்தும் வருகிற எங்கள் சிறு கூட்டம் விண்ணப்பித்திருந்தது. மைப்படி எடுப்பதனால் புராதனக் கல்லுக்குச் சேதம் விளையக்கூடுமாதலால் அனுமதிக்க இயலாதென்று தாங்கள் அருளிச்செய்திருந்தீர்கள். அக்கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் வாசலில் நிற்கையிலேயே, உள்ளே தங்கள் ஒப்பந்தக்காரரின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாயிலிருந்து சீறிய மணல், வடக்குச் சுவரின் குமுதப்படையில் எழுத்தென்று இருந்ததையெல்லாம் பொடியாக்கி எங்கள் தலையில் அட்சதையாகத் தூவியது. கல்லின்மீது தங்களுக்குள்ள ஜீவகாருண்யத்தை அன்று கண்ணாரக் கண்டோம்.

நாங்கள் கொண்டுவந்த மாரகாயுதங்கள் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிரஷ், தாள், மை ஆகியவை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டி, மையை ஒற்றினால், கறுப்பில் வெள்ளெழுத்தாகச் சாசனம் எழுந்து வரும். காய்ந்ததும் தாளை உரித்துக்கொண்டு, கல்லைக் கல்லாகவே விட்டுவிட்டு வந்துவிடுவோம். 1886-இல் அரசாங்கச் சாசன ஆய்வாளராக நியமனம் பெற்ற ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், தென்னிந்தியச் சாசனங்களின் முதல் தொகுதியை 1890-இல் பதிப்பித்த காலந்தொட்டு இந்த அட்டூழியம் நடந்து வருகிறது. இத்தனை பிரஷ் அடி வாங்கியும் தஞ்சைப் பெரிய கோயில் இடிந்து விழாமல் நிற்பது தெய்வச் செயலே.

தங்களைச் சாசன விரோதி என்று பேசுகிற அற்பர்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ராஜகோபுர வாசலில் தாங்கள் நாட்டியிருக்கும் மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் பலகையை அவர்கள் பார்த்ததில்லை போலும். முதல் வரியில் தங்கள் திருநாமம், இரண்டாவதில் தங்கள் பட்டங்கள், மூன்றாவதில் தாங்கள் யார் முன்னிலையில் எழுந்தருளினீர்கள் என்ற விவரம், எல்லாம் பொன் வண்ணத்தில். சுவாமியின் பெயர் மட்டும், இடம் போதாமையால், கடைசி வரியில் சிறிய எழுத்தில். ராஜராஜனும் தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டுவித்தவன்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை வீடுவாரியாகப் பதிந்தவன்தான். ஆயினும் பிறருடைய சாசனத்தைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைப் பளபளப்பாக்கும் சாதுரியம் அவனுக்கு வரவில்லை. கிரானைட் பலகை அக்காலத்தில் இல்லாத குறைதான்.

செம்பியன் மாதேவியார் நிலைமை இன்னும் பரிதாபம். 10-ஆம் நூற்றாண்டில் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டுவித்து, இவை பழங்கல்லின் படியென்று குறிப்பும் சேர்க்கச் செய்தார் அந்த அம்மையார். இருந்ததை அழிக்கவும் தெரியாமல், கிரானைட் பலகை வைக்கவும் தெரியாமல் ஜீர்ணோத்தாரணம் செய்த அவருக்குத் தங்கள் குழுவில் ஒரு சாதாரண அங்கத்தினர் ஸ்தானமும் கிடைத்திராது.

வடக்குச் சுவரில் இருந்தது ஒரு நந்தாவிளக்குத் தானம். அதற்கு நெய் அளக்க விடப்பட்டவை சாவா மூவாப் பேராடுகள் தொண்ணூறு. ஆயிரம் ஆண்டு சாகாமலும் மூவாமலும் இருந்த அந்த மந்தை, அன்று பிற்பகலில், தங்கள் வேலையாட்கள் டீ குடிக்கப் போவதற்குள் மாண்டது.

கோயில்களில் மணல்வீச்சு கூடாதென்று அரசே தடுத்திருக்கிறது. புராதனச் சின்னங்களையும் கோயில்களையும் காப்பதற்கென்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகள் பிறப்பித்திருக்கிறது. தெரிந்தேதான் செய்கிறீர்கள். கல்லின் மேல்தோல் போனால் மறுபடி வளராது. அந்த விளக்குக்கும், அதை ஏற்றி வைத்தவனுக்கும் அந்தச் சுவரைத் தவிர உலகில் வேறு சாட்சி கிடையாது. திருடன் கொண்டுபோயிருந்தாலாவது என்றைக்காவது மீட்கலாம். உங்களிடம் பறிகொடுத்ததை யாரிடம் போய் மீட்பது?

க்ஷமிக்க வேண்டும். கண்ணில் மணல் விழுந்துவிட்டது.

பிரகாரத்தைத் தாங்கள் டைல்ஸ் போட்டு உயர்த்தியதில் ஜகதிப்படையின் கீழ்வரிகள் தரைக்குள் போய்விட்டன என்று சிலர் புலம்புகிறார்கள். புதைந்ததை மணல் தொடாது என்ற தங்கள் தீர்க்கதரிசனம் அவர்களுக்கு விளங்கவில்லை. உச்சிவேளையில் பிரதட்சிணம் வருகிற பக்தர்கள் துள்ளித் துள்ளி ஓடுவதும் பக்திப் பரவசம் என்றே கொள்கிறோம்.

சென்ற ஆண்டு விழா மேடையில் உத்தரமேரூர்க் குடவோலையைப் பற்றித் தாங்கள் முழங்கியது நினைவிருக்கிறது. பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் வெட்டிய அந்த விதிகள் தங்கள் குழுவின் எல்லைக்கு வெளியே இருப்பதால் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்ற பகுதியை, நேரமின்மையால், தாங்கள் வாசிக்கவில்லை.

இனி எங்கள் பிரார்த்தனை. நன்றிக்கடனாகத் தங்கள் கிரானைட் பலகையையும் ஒரு மைப்படி எடுத்துப் பத்திரப்படுத்தித் தருகிறோம். தங்களுக்குப் பின் வரப்போகும் குழுவிடமும் கம்ப்ரஸர் இருக்கும். தெற்குச் சுவரை இன்னும் யாரும் தொடவில்லை. பட்டிகைக்குக் கீழே ஐந்து வரிகள் தெளிவாக இருக்கின்றன. தாளும் மையும் எங்கள் செலவு. திங்கட்கிழமைவரை அந்த இயந்திரத்தை நிறுத்திவைக்க உத்தரவிடுங்கள்.