பத்துப் பைசா மிச்சம்

கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனி. பி.ஓ.எம். (பாகப் பட்டியல்) ஆய்வுக் கூட்டம். என்ன அக்கறை! ஒரு வாஷருக்காக நாலு மேனேஜர், முக்கால் மணி நேரம், இரண்டு சுற்று டீ, மெதுவடை. பம்புக்குப் பத்துப் பைசா மிச்சம். கைதட்டல்.

பர்ச்சேஸ்காரர் இன்னும் ஒரு படி மேல். 6204 பேரிங்கை அடித்துவிட்டு 6203 போட்டார், விலை குறைவு. உள்விட்டம் 20 மி.மீ.க்குப் பதில் 17. ஷாஃப்ட்தான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும். குடும்பமென்றால் அப்படித்தானே.

27-ஆம் திருத்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஸ்டோர்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார்: “லிஸ்ட்ல இம்பெல்லரே இல்லீங்களே சார்? இத்தன வருசமா நானா ஞாபகமா எடுத்துக் குடுத்துட்டிருக்கனுங்க.”

சபை நெகிழ்ந்தது. பட்டியலில் செலவே காட்டாத பாகம்! நாளை அவருக்கு ரிட்டயர்மென்ட். உடனே சேர்த்துவிட்டார்கள்: பொன்னாடை, எண்ணிக்கை 1.