ஒரு தாத்தாவின் இரண்டு பேத்திகள்

என் அப்பாவுக்கு இரண்டு பேத்திகள். இருவரும் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள். அக்கா மகளுக்கு வருவாய்த் துறை ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் கொடுத்திருக்கிறது. என் மகளுக்கு அது கிடையாது; அவளுடைய அப்பா 1998-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன். ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவின் மகளும் தம்பியின் மகளும்தான் இவர்கள். ஒருத்தி முதல் தலைமுறை, மற்றவள் இரண்டாம் தலைமுறை.

அது எப்படி ஆயிற்று என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பத்தாம் வகுப்பில் அக்கா எடுத்த மதிப்பெண்ணை நான் எடுக்கவில்லை. ஆனால் மேல்நிலைப் பள்ளிக்குப் பண்ருட்டி போக வேண்டும். அப்பாவின் கூலியில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அக்கா முந்திரி உடைக்கப் போனாள். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கை புண்ணாகிவிடும். மூன்று வருடம் கழித்து என் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியபோது, அதை எண்ணிக் கொடுத்தது அந்தக் கைதான்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது 1984-இல். நான் எழுதிய காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். அந்த 200-ஐ எங்கள் பள்ளி வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த 100-ஐச் சொல்லிக் கொடுக்க எங்கள் ஊரில் ஆளில்லை. பொதுத் தேர்வு முடிந்த மறுநாளே நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி மையங்களில் உட்கார்ந்துவிடுவார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்பாக்கும் தாளை நான் தேர்வு அறையில்தான் முதன்முதலில் பார்த்தேன். கிராமப்புற மாணவர்களுக்கென அப்போது 15 விழுக்காடு இடங்கள் இருந்ததால்தான் எனக்குக் கிண்டி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ஒதுக்கீடு நீதிமன்றத்தில் நிற்காமல் போயிற்று. எனக்குப் பின்னால் வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் அடங்குவதில்லை.

கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவனுக்கும் கூட வருபவருக்கும் பாதிக் கட்டணம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டாமல் நடந்த நாள் அதுவாகத்தான் இருக்கும். வாசலில் தனியார் கல்லூரிகளின் ஆட்கள் துண்டறிக்கைகளோடு மொய்த்தார்கள். “சார், எங்க காலேஜ்ல பஸ் வசதி இருக்கு” என்று ஒருவர் அப்பாவிடம் சொன்னபோது, தன்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டதில் அப்பா திகைத்து நின்றுவிட்டார். உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்தது கிண்டி என்ற பெயர் மட்டும். எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்லி அனுப்பியது. எந்தப் பிரிவு என்று அவர் சொல்லவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையனின் தந்தை, மின்வாரியத்தில் பொறியாளர், என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, “சிவில் எடுப்பா, கவர்மென்ட் வேலைக்கும் போகலாம்” என்றார். எடுத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் அரை நிமிடத்தில் சொன்னதில்தான் இருபது வருடத்துக்கும் மேலாகச் சோறு சாப்பிடுகிறேன். அவர் அன்று வேறு வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. சொல்ல ஒரு ஆள் கிடைப்பது ஒரு பிள்ளைக்கு அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

விடுதியில் சேர்ந்த பிறகுதான் சர்தார் படேல் சாலையின் எதிர்ப்பக்கம் ஐஐடி இருப்பதே தெரிந்தது. அதற்கு வேறொரு நுழைவுத் தேர்வு உண்டென்றும், அதற்காகச் சிலர் பள்ளிப் பருவம் முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்றும் அறைத் தோழன் சொன்னான். எங்கள் பள்ளியில் அந்த மூன்று எழுத்தை உச்சரித்தவர் ஒருவரும் இல்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நல்லவை நிறைய நடந்திருக்கின்றன. அவை தானாக நடக்கவில்லை என்பதால் சொல்ல வேண்டும். மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி நுழைவுத் தேர்வை நீக்கி 2006-இல் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2018-இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. மருத்துவத்தில் மட்டும் கதை திரும்பி ஓடியது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200-க்கு 1176 எடுத்தும், 2017-இல் நீட் தேர்வால் இடம் கிடைக்காமல் உயிரை விட்டாள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். அந்தச் செய்தி வந்த நாளில் அக்கா தொலைபேசியில் அழுதது என் காதில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஒரே ஆண்டில் முந்நூறைத் தாண்டி எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். பிள்ளைகளின் மூளை ஓராண்டில் வளர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு அந்த ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த என் அக்கா மகள் அதில் வருகிறாள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். முந்திரி உடைக்கும் தாய்க்கு இதைவிடப் பெரிய சொத்தை யாரும் எழுதி வைத்துவிட முடியாது.

இனி என் வீட்டைச் சொல்ல வேண்டும். என் மகள் ஒன்பதாம் வகுப்பிலேயே ஐஐடி பயிற்சியில் சேர்ந்தாள். கட்டணம் லட்சங்களில். அவள் பாடுபட்டுப் படிக்கிறாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1998-இல் எனக்கு எதிரே நின்ற அந்த 100 மதிப்பெண்ணை இன்று நான் என் மகளுக்கு விலை கொடுத்து வாங்கிக் கொடுக்கிறேன். அக்கா மகளுக்கு அது கண்ணில்கூடப் படாது. ஜேஇஇ முதன்மைத் தேர்வை இப்போது தமிழில் எழுதலாம். அதைத் தாண்டினால் வரும் அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ஐஐடிக்குள் நுழைவது அந்த இரண்டாவது தேர்வின் வழியாகத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பெண்ணிடம் முதல் படி வரை அவள் மொழியில் பேசிவிட்டு இரண்டாம் படியில் மாற்றிக்கொள்வது அநியாயம். அரசு மாதிரிப் பள்ளிகளிலிருந்து இதையும் மீறிச் சிலர் போகிறார்கள். மீறித்தான் போக வேண்டும் என்று இருப்பது ஏன்?

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் நாட்களில் ஊருக்குப் போனேன். அக்கா சான்றிதழ்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தாள். ஆதாரில் ஒரு இனிஷியல், மாற்றுச் சான்றிதழில் வேறொரு இனிஷியல் என்று இ-சேவை மையத்துக்கு அலைந்த கதையைச் சொன்னாள். மருமகள் கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினாள். முதல் இடத்தில் பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி. கிண்டி பத்துக்கும் கீழே.

“ஏம்மா இப்படி?”

“கிண்டிய மேல போட்டு அது கிடைக்கலன்னா, இதுவும் போயிடும்னு சொன்னாங்க மாமா.”

“யார் சொன்னாங்க?”

“ஸ்கூலுக்கு வந்தாங்க, காலேஜ்லேருந்து. எங்க கிளாஸ்ல எல்லாருமே இப்படித்தான் போட்டிருக்கோம்.”

பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். தரவரிசைப்படி முறை வரும்போது, மேலிருந்து பார்த்து, மிச்சமிருக்கும் இடங்களில் முதலில் வருவதைக் கணினி கொடுக்கும். மேலே இருப்பது கிடைக்காததால் கீழே இருப்பது பறிபோவதில்லை. ஆனால் கிடைக்கக்கூடிய சாதாரண இடம் மேலே இருந்தால், கிண்டியில் இடம் இருந்தாலும் கிண்டி வராது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால் ஒரு வகுப்பே தன் மதிப்பெண்ணைக் கீழே இறக்கி வைத்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு எத்தனை என்று கேட்பவர்கள் கட்-ஆஃபை மட்டும் கணக்கிடுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து படித்துப் போனவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நிறையப் பேர் இருக்கிறோம். பட்டியல் போடும் அந்த வாரத்தில் ஊரில் யாரும் இருப்பதில்லை.

மருமகள் பட்டியலைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். கிண்டி மேலே வந்தது; சிவிலை நான் சொல்வதற்கு முன்பே தள்ளிவிட்டு எலெக்ட்ரானிக்ஸை வைத்தாள். “எனக்கு சர்க்யூட்தான் மாமா பிடிக்கும்” என்றாள். 1998-இல் எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. பாதியிலேயே எழுந்து தோழிகளுக்கு போன் போட்டாள். இருட்டுவதற்குள் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள், பின்னாலேயே அம்மாக்கள். பட்டியலை முடித்துப் பூட்ட மறுநாள் மாலை வரை நேரம் இருந்தது. அக்கா எல்லோருக்கும் காபி போடப் போனாள். போகும்போதே ஒரு பெண்ணிடம், “உன் அண்ணன் காலேஜ் முடிச்சானா, பாதியில விட்டானா?” என்று கேட்டுக்கொண்டு போனாள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் முதல் பட்டதாரிச் சலுகை என்பதை அவள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தாள்.