பேப்பர்காரரும் நாய்வரியும்

இரவு ஒன்பது மணிக்கு எல்லாக் கட்சிக்காரரையும் வறுத்தெடுத்த நெறியாளர், மறுநாள் காலை ஒரு கட்சித் துண்டோடு வந்து நின்றால் நமக்கு நெஞ்சடைத்துவிடுகிறது. ஏதோ உலகத்தில் நடக்காதது நடந்த மாதிரி. சக்தி டிவியில் ‘மின்னல்’ நடத்திய ஸ்ரீரங்கா 2010இல் நுவரெலியா மாவட்ட எம்.பி. ஆனார். டெல்லியில் அஷுதோஷ் 2014இல் இந்திச் சேனலின் ஆசிரியர் நாற்காலியை உதறி ஆம் ஆத்மிக்குப் போய், சாந்தினி சௌக்கில் தோற்று, நாலு வருஷத்தில் கட்சியையும் உதறினார். குஜராத்தில் செய்தி வாசித்த இசுதான் கட்வியை 2022இல் அதே கட்சி முதலமைச்சர் வேட்பாளர் என்றது. தொகுதி ஜனங்கள் எம்.எல்.ஏ. ஆகக்கூட விடவில்லை.

இவர்களெல்லாம் நேற்றுப் பிள்ளைகள். பாட்டன் ஒருவர் இருக்கிறார். இலங்கையில் 1848இல் நடந்த மாத்தளைச் சண்டையில் ஒரு கல்லைக்கூட எறியாமல், மாத்தளைக் கலகத்துக்கே காரணகர்த்தா என்று பெயர் வாங்கிய பேப்பர்காரர்: டாக்டர் கிறிஸ்டோபர் எலியட். ஊர் அயர்லாந்து. படித்தது வைத்தியம், பிடித்தது வம்பு. கொழும்பு வியாபாரிகள் 1834இல் தொடங்கிய ‘ஒப்சேவர்’ பத்திரிகை கொஞ்ச நாளில் அவர் கைக்கு வந்தது. நோயாளிக்கு நாடி பார்த்த நேரம் போக, மிச்ச நேரத்தில் கவர்னருக்கு இரத்தக் கொதிப்பு ஏற்றினார்.

1847இல் வந்த கவர்னர் டொரிங்டன் பிரபுவுக்கு அப்போது முப்பத்தைந்துகூட நிறையவில்லை. தகுதி: பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் சொந்தக்காரர். முன் அனுபவம்: அரண்மனையில் ராணிக்குப் பக்கத்தில் நிற்பது. துணைக்கு, குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட். பெல்ஃபாஸ்ட் எம்.பி.யாக ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த அனுபவஸ்தர்.

கோப்பி விலை விழுந்து கிடந்தது. கஜானாவில் காற்று வீசியது. உடனே வரி போட்டார்கள். 1848 ஜூலை 1 முதல் துவக்குக்கு இரண்டரை ஷில்லிங். கடைக்கு ஒரு பவுண். தெருப் போட வருஷத்தில் ஆறு நாள் உழைக்க வேண்டும், முடியாதவர் மூன்று ஷில்லிங் வைக்க வேண்டும். புத்த பிக்குவும் இதற்கு விலக்கில்லை. துறவறம் பூண்டவர் மண்வெட்டியும் பூணலாம் என்பது கவர்னரின் தத்துவம். எல்லாவற்றுக்கும் மேலே, நாய்க்கு ஒரு ஷில்லிங். கண்டிச்சீமையில் நாயை எவன் வளர்த்தான்? அது தானாகவே வளர்ந்தது. எந்த வாசலில் படுத்ததோ அந்த வாசல்காரன் வரிகாரன் ஆனான்.

ஜூலை 3ஆம் திகதி ஒப்சேவரில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. அந்த வருஷம்தான் பாரிஸில் ராஜாவை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச உரிமை தராமல் வரி மட்டும் கேட்பது என்ன நியாயம் என்று கடிதம் கேட்டது. அது சிங்களத்திலும் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து ‘ஆங்கிலேயன்’ என்றாலும் அயர்லாந்து வாடை அடிப்பதாக அரசாங்கம் மோப்பம் பிடித்தது. நாய்க்கு வரி போட்டவர்களுக்கு மோப்பம் தெரியாதா?

மூன்று நாள் கழித்து ஒரு பெருங்கூட்டம் கண்டிக் கச்சேரி, அதாவது அரசாங்கக் காரியாலய வாசலில் நின்றது. அந்த மாதக் கடைசியில் கொழும்பிலும் ஒரு கூட்டம் திரண்டது. அது மனுவோடு முடிந்தது. கொழும்புக்காரர் விவரமானவர்கள். மாத்தளைப் பக்கத்தில் மனுவோடு முடியவில்லை.

தம்புள்ளை விகாரையில் ஒருவருக்கு ராஜ பட்டம் கட்டினார்கள். ராஜா யார்? கொங்காலேகொட பண்டா. பிறந்த ஊர் பேலியகொடை, இயற்பெயர் டேவிட், பிழைப்பு கண்டித் தெருவில் சாமான் ஏற்றி இறக்குவது. அவருக்கு வலக்கையாக வீர புரன் அப்பு. அவர் மொறட்டுவைக்காரர், பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. கண்டி ராஜ்ஜியத்தை மீட்கக் கிளம்பிய இருவரும் கரையோரத்துக்காரர், இருவருக்கும் ஞானஸ்நானப் பெயர். உள்ளூர் ரதலப் பிரபுக்களில் பெரும்பாலானோர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வெல்கிறவர் யாரென்று துவாரம் வழியே பார்த்தார்கள்.

ராஜாவின் படை மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை நாசம் செய்தது. எத்தனையோ நாய்கள் அன்று கடனில்லாமல் தூங்கியிருக்கும். கோப்பிக் களஞ்சியங்களும் தப்பவில்லை. மன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பறித்துக் கொடுத்த கோப்பி அது. அவர்களிடம் ராஜாவும் அபிப்பிராயம் கேட்கவில்லை, கவர்னரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் பிறகும் நெடுநாள் நீடித்தது.

வாரியபொலையில் கண்டியிலிருந்து வந்த துருப்பு எதிர்ப்பட்டது. கதை அங்கேயே முடிந்தது. ராணுவச் சட்டம் வந்தது. இருநூறு பேர் அளவில் செத்தார்கள்; பிரித்தானியச் சிப்பாய் ஒருவரும் சாகவில்லை. புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி போகம்பறையில் சுட்டார்கள். அவரைப் போல ஆறு பேர் இருந்திருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கம் டொரிங்டனின் கடிதத்திலேயே இருக்கிறது. கடாஹபொல தேரரைக் காவியுடையோடு சுட்டார்கள். ராஜா எல்க்கடுவைப் பக்கம் ஒளிந்திருந்து செப்டம்பரில் பிடிபட்டார்; நூறு கசையடி, மலாக்காவுக்கு நாடு கடத்தல். கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகத்தை ஓலையில் எழுதிவைத்த அலுவிகாரையும் அடி வாங்கியது. கொழும்பில் அச்சான ஒரு தாள்மேல் வந்த கோபம், மாத்தளையில் கிடந்த ஏடுகளின் தலையில் விடிந்தது.

அடுத்த காட்சி லண்டன். பாராளுமன்றத் தெரிவுக்குழு சாட்சிகளைக் கப்பலேற்றி வரவழைத்து விசாரித்தது. மாத்தளையில் ராணுவப் பொறுப்பிலிருந்த கப்டன் வொட்சன், ஜனங்களை மிரட்டிய பிரகடனங்களில் உள்ள கையெழுத்துத் தன்னுடையதே இல்லை என்றார். ஊரையே நடுங்கவைத்த கையெழுத்துக்கு உரிமையாளர் இல்லை! அதை ஆராயத் தனி ஆணைக்குழு வந்தது. விசாரணைக்குழு போடும் கலை நம் நாட்டில் இன்று நேற்று முளைத்ததல்ல.

இனி உத்தியோகக் கணக்கு. 1850இல் டொரிங்டன் வீடு போய்ச் சேர்ந்தார். சில வருஷத்தில் அரண்மனையில் பழைய வேலையே மறுபடி கிடைத்தது. டெனன்ட் இலங்கையைப் பற்றி இரண்டு பாகத்தில் 1859இல் புத்தகம் போட்டுப் புகழ் பெற்றார். நம் எலியட்? 1858இல் சிவில் வைத்தியத் திணைக்களம் தனியாக உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். எந்த அரசாங்கத்தைப் பேனாவால் குத்தினாரோ அதே அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியது. ஒப்சேவர் ஏ.எம். பெர்குசன் கைக்குப் போனது. மறு வருஷமே எலியட் காலமானார். பாவம், பதவிச் சுகம் நீடிக்கவில்லை.

அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. படித்த தொழிலுக்குத்தான் திரும்பினார். அதற்குள் பத்து வருஷம் பொறுத்தார்; இன்றைக்கு இடையில் ஒரு விளம்பர இடைவேளை போதும். எழுதியதிலும் பொய்யில்லை, நாய்வரி அநியாயம்தான். ஆனால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவே ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. சொன்னவருக்குத் திரும்பிப் போக இன்னொரு தொழில் இருந்தது. கேட்டுவிட்டுக் கிளம்பியவனுக்கு இருந்தது ஒரு பழைய துவக்கும் வரி கட்டாத நாயும்.

ஆகவே அடுத்த நெறியாளர் கட்சி அலுவலகப் படியேறும்போது ஒப்பாரி வேண்டாம். மாலை போடுங்கள், கை குலுக்குங்கள், பேட்டியும் எடுங்கள். போன வாரம் வரை அவர் பேச்சைக் கேட்டு யாராவது கச்சேரியைக் கொளுத்தக் கிளம்பியிருந்தால் மட்டும், கொஞ்சம் சீக்கிரமாக ஆளனுப்பித் திரும்பக் கூப்பிடுங்கள்.