கழற்றுவது எளிது, பூட்டுவது?

பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மூட்டை கட்டிவிட்டால், எந்த மலைக்கும் கொண்டுபோய்விடலாம்தானே?

அப்படியானால் காத்மாண்டுக்குப் போன கார்கள் ஏன் கிட்டத்தட்ட முழு உருவத்தோடு மனிதத் தோளில் போயின? 1956-இல் திரிபுவன் ராஜபாதை வரும்வரை சமவெளியிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குக்கு மோட்டார் சாலையே இல்லை. நேபாளத்தை ஆண்ட ராணாக்களின் அரண்மனைகளுக்கான கார்களின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உடலை நீண்ட கழிகளில் பிணைத்து, பல பத்துப் பேர் சேர்ந்து மலையடிவார ஊரான பீம்பேடியிலிருந்து சந்திரகிரி மலை தாண்டித் தூக்கிப்போனார்கள். ஒருவர் கால் இடறினால் அத்தனை பேருக்கும் ஆபத்து. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் அந்த அரண்மனைச் சுவர்களில் இருக்க வேண்டியவை.

சீனாவை நோக்கிக் கிளம்பிய சித்ரோயன் கார் நிறுவனத்தின் பயணக் குழு 1931-இல் இமயத்தில் வண்டிகளைக் கழற்றித்தானே சுமந்தது என்று நீங்கள் மறுக்கலாம். உண்மை. ஸ்ரீநகர்–கில்கிட் வழியில் பாதை இடிந்த இடங்களில் வண்டியைப் பிரித்து, கூலியாட்கள் சுமந்து, அப்பால் மறுபடி பூட்டினார்கள். ஆனால் அந்த வண்டிகளின் ஒவ்வொரு நட்டையும் அறிந்த மெக்கானிக்குகள் கூடவே நடந்தார்கள். என் கணிப்பில் வேறுபாடு அங்கேதான். எந்த போல்ட் எந்தத் துளைக்கு, இடைவெளி நிரப்பும் எந்த ஷிம் தகடு எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் மறுமுனையில் இல்லாவிட்டால், போய்ச்சேர்வது வெறும் இரும்பு. அத்தனை நிபுணர்கள் இருந்தும் அந்தக் கார்கள் சீனாவை எட்டவில்லை. குழு குதிரைகளில் மலையைக் கடந்தது. அந்தப் பக்கத்தில் வேறு வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டன.