இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு: ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்: புகார் கொடுத்துப் பழகிய பொதுஜனம் ஒருவன்.
பெறுநர்: தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், சென்னை.
பொருள்: தங்கள் வினாத்தாளின் தொலைநோக்கைப் பாராட்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

காவல் நிலையப் படியேறிப் புகார் கொடுத்தவனுக்குத்தான் தங்கள் வினாத்தாளின் அருமை தெரியும்.

உளவியலையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வின் 70 வினாக்களில் 25 அதற்கு. அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று நம்பி வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒருவர் வடக்கே 5 கி.மீ. நடந்து, வலப்பக்கம் திரும்பி 3 கி.மீ. நடக்கிறாராம், இப்போது எந்தத் திசையில் நிற்கிறார்? சிரித்துவிட்டேன். பைக் திருடுபோன பிறகுதான் விவரம் புரிந்தது. “வண்டியை எங்க நிறுத்தின? பாலத்துக்கு அந்தப் பக்கமா? அது எங்க லிமிட் இல்லப்பா. நேராப் போயி ரைட்ல திரும்பு.” திரும்பினேன். அங்கிருந்தவர் லெப்டில் திருப்பினார். எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், திசையல்லவா முக்கியம்!

உறவுமுறைக் கணக்கும் அப்படித்தான். “ராமுவின் தாயாருடைய ஒரே மகனின் மகள்” யாரென்று நொடியில் சொல்லத் தெரிந்தவருக்கு, வந்தவன் கவுன்சிலருக்கு மச்சானா, வட்டச் செயலாளருக்குச் சகலையா என்று கணிப்பதா கஷ்டம்? நாற்காலி போடலாமா வேண்டாமா என்ற குழப்பமே எழாது.

உடல்தகுதியில் தாங்கள் காட்டும் கறாரைக் கண்டு மெய்சிலிர்க்கிறது. ஆண்கள் 170 செ.மீ. உயரம் இருக்க வேண்டும்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 167. மார்பு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் விடிவதற்கு முன்பே பையன்கள் செருப்பில்லாமல் சுற்றி வருகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் புளியமரக் கிளையில் கட்டிய கயிறு. உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். கீழே கிடக்கும் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு மறுபடி தொற்றுவார்கள். (இவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்களே!)

குறை ஒன்றே ஒன்று. தமிழ்மொழித் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுத்தால் போதும். அந்த மதிப்பெண் தரவரிசையிலும் சேராது. அதனால்தானோ என்னவோ, இலக்கணத்தை உருப்போட்டுத் தேறி வந்தவர்கள் சீருடை போட்டதும் முன்னிலைப் பன்மையை மறந்துவிடுகிறார்கள். காரில் வருகிறவருக்கு மட்டும் எப்படியோ அது ஞாபகம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்த அறுபது வயது அம்மாவுக்கு, “என்னா வேணும் உனக்கு?”

ஆகவே, ஒரு செய்முறைத் தேர்வையும் சேர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டைப் பறிகொடுத்த பாட்டி ஒருவரைத் தேர்வரின் எதிரே நிறுத்துங்கள். “உட்காருங்கம்மா, என்ன நடந்துச்சு?” என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுப்பவருக்கு முழு மதிப்பெண். 1500 மீட்டருக்குத் தரும் அதே 7 நிமிடம் போதும். வெள்ளைத் தாளையும் பேனாவையும் வாரியமே தர வேண்டும். கடைக்குப் போய் வாங்கி வரும்படி பாட்டியிடம் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
பைக் இன்னும் கிடைக்காத பொதுஜனம்